பாளையங்கோட்டை வீட்டைக் காலி பண்ணிக் கிளம்பின கதை

நானும் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை நெட் கிடைக்கிற எந்த ஊரிலும் பார்க்கலாம்தானே என்று, வாடகை வீட்டை விட்டுவிட்டு ஊர் ஊராக இருந்து பார்க்கக் கிளம்பினோம். "வீட்டக் காலி பண்ணீட்டு எங்க போய் இருப்பிய?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இதே யோசனையில் இருக்கும் சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்ததால் எழுதுகிறேன்.

சாமானைக் கட்டுவது கடைசி வேலை. ஒரு குட்டியானை பிடித்தால் ஒரே பகலில் முடிந்துவிடும். முகவரியைக் கழற்றுவதுதான் இழுக்கிற வேலை. ஆதார், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம் வாடகை வீட்டு விலாசத்தில் இருந்தன. காலி செய்த மறுநாள் அங்கே வரும் தபால் யாருக்கோ போகும். அதனால் கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் அம்மா வீட்டை நிரந்தர முகவரி ஆக்கினோம்.

ஆதாரில் குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. நாம் ஆன்லைனில் உறவுச் சான்றோடு விண்ணப்பித்ததும் தலைவருக்குத் தகவல் போகும். 30 நாளுக்குள் அவர் தன் ஆதார் எண்ணில் நுழைந்து சம்மதம் கொடுக்க வேண்டும். அப்பா மொபைலைக் கையில் மூடிவைத்துக்கொண்டு, "ஓடிபிய யாருக்கும் சொல்லப்படாதுன்னு நீதான சொன்ன?" என்றார். "எனக்கும் சொல்லாதீங்கப்பா, நீங்களே அடிங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணாகக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அடித்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. திரும்ப ஒன்று வரவழைத்தோம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. அதில் அலைச்சல் எதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் அச்சாணி அந்த மொபைல் எண்தான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் ப்ரீபெய்டு எண்ணைத் துண்டிக்க ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி இடம் கொடுக்கிறது. எண் போனால் பேங்கும் போச்சு, ஆதாரும் போச்சு. வெளிநாட்டுக்குப் போகும்போது அந்த ஊர் சிம் வாங்கினாலும், நம்ம ஊர் எண்ணை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள்.

கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றிவிடச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள், இணைப்பு உங்கள் பெயரில்தான் நிற்கும். சிலிண்டர், ரெகுலேட்டர், இணைப்பு எடுத்தபோது தந்த வவுச்சர் மூன்றையும் ஏஜென்சியில் கொடுத்தால் அன்று கட்டிய டெபாசிட் திரும்ப வரும். கூடவே ஒரு டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள். பின்னால் எந்த ஊரில் குடியேறினாலும் அதைக் காட்டிப் புது இணைப்பு எடுக்கலாம். கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள், நடுவில் காலி செய்தால் வீட்டு ஓனரை நிறுத்தி வைத்து மீட்டரைப் போட்டோ எடுத்துக் கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் புதுக் குடித்தனம் வராது என்று அவருக்கும் அவசரம். அட்வான்ஸில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஊர் வழக்கம்தான், இருந்தாலும் வயிறு எரிந்தது.

ஃபிரிட்ஜ், கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் கேட்டவர்களுக்குப் போயின. சண்டை வந்தது சீர்ப் பாத்திரத்தில். எவர்சில்வர் குத்துப்போணி, பித்தளைச் சருவம், அடுக்குத் தூக்கு என்று அட்டாலி நிறைய இருந்தது. பாதியில் பால்கூட ஊற்றியதில்லை. விற்கலாமா என்று வாயெடுத்ததுமே அம்மா, "ஆச்சி பேரு வெட்டின போணியில ஊரான் வீட்டுல சாம்பார் கொதிக்கணுமோ?" என்று ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: பெயர் வெட்டியது எல்லாம் அம்மா வீட்டுக்கு, பெயர் வெட்டாதது விலைக்கு. தார்சாவில் அத்தனையையும் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துப் பிரித்தோம். ஒரு கும்பாவில் என் கல்யாணத் தேதியோடு அத்தை பெயரும் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை மட்டும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பிரித்துவிடுவதும் நல்லது. இல்லாவிட்டால், எடுத்ததை விட்டு எடுக்காததற்குப் பழி வரும்.

வைக்கிற இடம் மாடியாக இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் நெல்லை ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் தரைத்தளத்தில் மூட்டை அடுக்க மாட்டார்கள். மளிகைக்கடை அட்டைப்பெட்டி சும்மா கிடைக்கிறதே என்று அதில் கட்டினால் கரையானுக்கு விருந்து. புத்தகம், பட்டுச்சேலை, சர்டிபிகேட்டுக்குத் தகர டிரங்குப் பெட்டிதான் சரி. கல்லிடைக்குறிச்சியில் சாரல் காலத்தில் எல்லாம் நமுத்துப்போகும், பத்தமடைப் பாய் முதலில் பூக்கும். வெயில் வரும்போது தட்டட்டியில் விரித்துக் காயவைக்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டிருக்கிறேன். செய்கிறானா என்று வாரம் ஒரு போட்டோ கேட்பதில் அவனுக்குக் கோபம்.

இப்போது கேரளாவில் வர்க்கலாவில் இருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து பக்கம், விசா வேண்டாம், ஏதாவது சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம். எடுத்த எடுப்பில் வெளிநாடு போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடுத்தது தாய்லாந்து. வெளியூரிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் எடுக்கலாம் என்று 2024 ஜூலையில் அவர்கள் கொண்டுவந்த டிடிவி விசா 5 வருடத்துக்குச் செல்லும், ஒரு தடவை போனால் 180 நாள் தங்கலாம். கணக்கில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், நம்ம பணத்தில் பதிமூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. டூரிஸ்ட் விசாவில் போய் லேப்டாப்பைத் திறப்பவர்கள் நிறையப் பேர், எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. கம்பெனியிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம். வாய்வார்த்தை மேனேஜர் மாறும்வரைதான் தாங்கும்.

பையை ஆரம்பத்திலேயே விமானக் கணக்குக்குக் கட்டினோம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், அதுவும் 100 வாட்-அவருக்குள். அம்மா உள்ளே சொருகியிருந்த கொப்பரையை எடுத்துவிட்டேன், எண்ணெய்ப் பொருள் என்று ஏற்ற விடமாட்டார்கள். எள்ளு மிளகாய்ப்பொடி தாய்லாந்து வரை வருகிறது. இட்லிக்குத்தான் அங்கே வழி தேட வேண்டும்.