பச்சையாக ஒளிர்ந்த செல்கள்

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகத் தினமும் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் அழற்சியை அடக்குகிறதா என்று செல்களில் பார்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். என்.எஃப்-கப்பா பி என்ற புரதத்தை ஐகப்பாபி என்ற இன்னொரு புரதம் செல்லின் உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். பாக்டீரியாப் பொருள் பட்டதும் ஐ.கே.கே. நொதி கிளம்பிக் காவல்காரனை அழிக்க வழிசெய்யும். விடுபட்டது உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். குர்க்குமின் அந்த ஐ.கே.கே.யை மட்டுப்படுத்தும் என்பார்கள்.

படிக்கச் சுலபம், செய்ய அப்படியில்லை. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில்தான் கரைக்கணும். வெளிச்சம் ஆகாது, குழாயைச் சுற்றி அலுமினியத் தாள். சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) இல்லாத பஃபர் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துபோகும். முதல் மாதம் பழைய கரைசலையே ஊற்றிக்கொண்டிருந்தேன், வேறென்ன சொல்ல.

என்.எஃப்-கப்பா பி எங்கே நிற்கிறது என்று காட்ட, அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் பச்சையாக ஒளிரும் சாயம் சேர்த்திருந்தேன். பிறகு ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் உட்கருவைச் சுற்றிப் பச்சை ஜொலித்தது. புரதம் வெளியிலேயே நிற்கிறது, ஜெயித்தாச்சு! மறுநாள் லேபில் எல்லாருக்கும் முந்திரிக்கொத்து. மேடம் ஒன்றை எடுத்துக் கடித்தபடி கேட்டார்: "ஆன்டிபாடி போடாம ஒரு வெல் வச்சியா?" வெல் என்றால் செல் வளர்க்கும் தட்டில் ஒரு குழி. வைக்கவில்லை. வைத்துப் பார்த்தால் அதுவும் பச்சை. குர்க்குமினே நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். நான் கொண்டாடியது புரதத்தை இல்லை, குர்க்குமினின் ஒளியை. இரண்டு வாரம் போச்சு.

ஆன்டிபாடிக்குச் சிவப்புச் சாயத்துக்கு மாறித் திரும்பச் செய்தேன். குர்க்குமின் செறிவு 10 மைக்ரோமோலார் இருந்தபோது உட்கருவுக்குள் போன புரதம் குறைந்தது, கொஞ்சம்தான். 25-இல் செல்களே செத்தன.

வைவாவில் ஒரே கேள்விதான் என்னைத் திணறடித்தது: "ரத்தத்தில் 10 வருமா?" வராது. தினம் 8 கிராம் குர்க்குமின் விழுங்கியவர்களிடமே உச்ச அளவு சராசரி 1.77 மைக்ரோமோலார்தான். குடலும் கல்லீரலும் அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகின் பைப்பரின் அந்த வேலையைத் தாமதப்படுத்தும், ஆனால் மற்ற மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கணக்குச் சொன்னேன். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம். 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் வேணும், தினமும்.

மரச்சீனியில் மஞ்சள் தூவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். "கால் கிலோவா மக்களே? நமக்கு அது ரெண்டு மாசத்துக்கு ஓடும்."