பாட்காஸ்ட்டுக்கு மைக் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடு போகும் முன்

பாட்காஸ்ட் தொடங்க நினைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது மைக்கைத்தான். செலவு செய்யும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் அறை, அடுத்து மைக்கை வாயருகே நிறுத்தும் ஸ்டாண்ட், அதற்குப் பிறகுதான் மைக். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியும் தெரு ஹார்னும் இருந்த அளவிலேயே இருக்கும். 40 செ.மீ. தள்ளிப் பேசுபவர் 10 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல் லாபம். இந்த லாபத்தை விலை கொடுத்து வாங்க முடியாது.

பெங்களூரு ஃபிளாட்டுகளின் ஹால் பேச்சுப் பதிவுக்கு ஆகாத இடம். டைல்ஸ் தரை, பூசிய சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால் ‘டிங்’ என்று ஒரு ஓசை இழுத்துக்கொண்டு போகும். அது அப்படியே பதிவில் வந்து உட்காரும். கட்டிலும் மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறைக்கு மாறுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். கார்டியாய்டு மைக் தன் எதிரில் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். எனவே தடிமனான மெத்தையோ ரஜாயோ நிற்க வேண்டிய இடம் பேசுபவரின் முதுகுப் பக்கம். மைக்குக்குப் பின்னால் வைத்துப் பலன் குறைவு.

ஒரு அங்குல ஃபோம் ஷீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது மேல்ஸ்தாயி ஒலியை மட்டும் உறிஞ்சும், குரலின் கனமான பகுதியை விட்டுவிடும். முடிவில் குரல் பெட்டிக்குள் அடைத்ததுபோல் கேட்கும். உண்மையிலேயே சுவரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் 50 மி.மீ. ராக்வூல் எனும் பாறை இழைப் பலகையைத் துணியில் சுற்றி, சுவரிலிருந்து இன்னொரு 50 மி.மீ. தள்ளி மாட்டலாம். இந்த ஊரின் பெரிய வசதி, ஆண்டின் பல மாதங்கள் ஒரு மணி நேரம் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரலாம் என்பது. அதை விட்டுவிடாதீர்கள்.

இனி மைக். கண்டன்சர் மைக், கத்தரிக்கோல் ஸ்டாண்ட், சின்ன சவுண்ட் கார்டு எல்லாம் சேர்ந்த மலிவு கிட் ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனை கேபிளில் இணையும் கண்டன்சர் மைக்குக்கு வழக்கமாக அந்தக் கேபிள் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்) வேண்டும். இந்த கிட்டுகள் பலவற்றில் மைக்கை லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஜாக்கில் செருகச் சொல்வார்கள். அங்கே கிடைப்பது சில வோல்ட்தான். குரல் மெலிந்து வரும்; கூட்டினால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

அதற்குப் பதில் டைனமிக் மைக் எடுங்கள்; வழக்கமாக ஃபாண்டம் பவர் வேண்டாத இந்த வகை நெருங்கிப் பேச ஏற்றது. தனியாகப் பேசுபவருக்கு சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவை போதும். இவற்றில் யுஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உண்டு. இன்று லேப்டாப்பில் நேராகச் செருகலாம். நாளை இன்டர்ஃபேஸ் (எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அதே மைக்கை அதில் மாட்டலாம்.

இருவர் பேசும் நிகழ்ச்சி என்றால் இரண்டு யுஎஸ்பி மைக் வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி மைக்குக்கும் தனிக் கடிகாரம் உள்ளே ஓடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது. பதிவு நீள நீள இரு குரலும் விலகும். விண்டோஸில் பல மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரே மைக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு எக்ஸ்எல்ஆர் டைனமிக் மைக்கும் இரண்டு மைக் உள்ளீடுள்ள ஒரு இன்டர்ஃபேஸும்தான் சரியான வழி. வாங்கும்போது உள்ளீடுகளை நன்றாகப் பாருங்கள். ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்2 ஆகிய இன்டர்ஃபேஸ்களில் இரண்டு உள்ளீடு தெரியும், ஆனால் மைக்குக்கானது ஒன்றுதான், மற்றது கிடாருக்கு. ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டிலும் இரண்டு மைக் மாட்டலாம். லேப்டாப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஜூம் பாட்ட்ராக் பி4 நல்ல தேர்வு: நான்கு மைக், நான்கு ஹெட்ஃபோன், நேராக எஸ்டி கார்டில் பதிவு.

யூடியூபில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி பற்றி ஒரு வார்த்தை. நல்ல மைக்தான், ஆனால் அதன் சிக்னல் மிகச் சன்னம். குறைந்தது 60 டெசிபல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கேட்கும். மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் தருவது 56. மிச்சத்துக்குத் தனி பூஸ்டர் வாங்க வேண்டிவரும். 1966-லிருந்து மேடைகளில் நிற்கும் எஸ்எம்58 அதைவிட 4 டெசிபலுக்கு மேல் சத்தமாகக் கொடுக்கிறது, விலையும் பல மடங்கு குறைவு. மிஞ்சும் பணம் இரண்டாவது மைக்குக்கு ஆகும்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டி மேஜை ஸ்டாண்ட் மைக்கை நெஞ்சு உயரத்தில் நிறுத்தும். பேசுபவர் முதல் ஐந்து நிமிடம் குனிவார், பிறகு நாற்காலியில் சாய்ந்துவிடுவார், குரல் காணாமல் போகும். கிளாம்ப் போட்ட ஆர்ம் வாங்கி மைக்கை வாயிலிருந்து அரைச் சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். கையில் படும் காற்றுதான் பதிவில் ‘டப் டப்’ என்று இடிப்பது. அந்தக் காற்று போகும் பாதையிலிருந்து மைக் விலகி நிற்க வேண்டும். ஆர்மின் மரையும் மைக் கிளிப்பின் மரையும் 3/8, 5/8 அங்குலம் என்று மாறும். சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைக் கூடவே கேட்டு வாங்குங்கள்.

ஹெட்ஃபோன் காதை மூடும் வகை, ஒயர் உள்ளது. ஏடிஎச்-எம்20எக்ஸ் போதும். ப்ளூடூத் வேண்டாம், தாமதமாகக் கேட்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்கு சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைப்பு. எக்ஸ்எல்ஆர் கேபிள் 3 மீட்டர் போதும். முடிந்தால் கனெக்டர் மூடியைத் திருகிக் கழற்றி, மூன்று முனையிலும் ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மைக்குக்கு ஜிஎஸ்டி பில்லும் அதில் சீரியல் எண்ணும் வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துக் கொடுத்தால் வாரண்டி கேட்கும் நாளில் சிக்கல்.

வீட்டுக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள். பதிவு மென்பொருளின் அமைப்பில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; அதன் மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயின். முதல் அரை நிமிடம் பேசாமல் பதியுங்கள், பிறகு பேசுங்கள், பேசும்போதே கேபிளை இரு முனையிலும் லேசாக அசையுங்கள். கரகரத்தால் கேபிளை மாற்றுங்கள். மௌனத்தில் தாழ்ந்த உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், வீட்டு யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட் வந்தபின் மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் போகாத உறுமல் என்றால் மைக், கேபிள், இன்டர்ஃபேஸ் மூன்றையும் பில்லோடு எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போய் அங்கேயே மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.