வொர்க்பெஞ்சில் 1175 பிழை

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைக் கையாளும் கருவியான வொர்க்பெஞ்சில், ரெக்கார்டுகளை மாற்றும் அப்டேட் கட்டளையை ஓட்டும்போது 1175 பிழை வந்தால் உடனே சேஃப் அப்டேட்ஸ் (தவறுதலாக எல்லா ரெக்கார்டையும் மாற்றிவிடாமல் காக்கும் அமைப்பு) டிக்கை எடுத்துவிடாதீர்கள். எந்த ரெக்கார்டுகளை மாற்றவேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லை, அல்லது அதில் கீ உள்ள நெடுவரிசை இல்லை என்பதே பொருள். ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் பிரைமரி கீயை நிபந்தனையில் சேர்த்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அணைத்தே ஆகவேண்டுமா? எடிட், பிரிஃபரன்சஸ், எஸ்கியூஎல் எடிட்டர். டிக்கை எடுத்தபின் சர்வரோடு மறுபடி கனெக்ட் செய்தால்தான் மாற்றம் பலிக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

டேட்டாவை எடுத்துக்காட்டும் செலக்ட் கட்டளையின் முடிவு 1000 ரெக்கார்டில் நின்றால் டேபிளே அவ்வளவுதான் என்று நம்பவேண்டாம். லிமிட் என்ற அந்த வரம்பைக் கருவியே சேர்க்கிறது.

ஆட்டோகமிட், அதாவது மாற்றத்தை உடனுக்குடன் கமிட் (நிரந்தரம்) ஆக்கும் வசதி, இயல்பாக ஆனில் இருக்கும். லைவ் டேட்டாபேஸில் அதை அணைத்துவிட்டு, எத்தனை ரெக்கார்டு மாறியது என்று அவுட்புட்டில் பார்த்தபிறகே கமிட் கொடுங்கள். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர், டேபிளைக் காலியாக்கும் ட்ரன்கேட் இரண்டும் தாமாகவே கமிட் ஆகிவிடும். மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் அங்கே உதவாது, பேக்கப் எடுத்துவிட்டே ஓட்டுங்கள்.