இளம் வயது மாரடைப்பும் மெத் பழக்கமும்

முப்பது வயதுப் பையனுக்கு மாரடைப்பு என்றால், 'வேலை டென்ஷன், கடைச் சாப்பாடு' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். மெத்தம்பெட்டமைன் ('மெத்') என்ற போதைப்பொருள் பழக்கம் இருந்ததா என்று கேட்கவே நமக்குக் கூச்சம். நம்ம மதுரையிலும் இதைக் கேட்டாக வேண்டும்.

மெத் உள்ளே போனதும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் எகிறும், இதயம் தறிகெட்டு ஓடும். எடுத்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 10 மணி நேரம் ஆகும். இதுவே தொடர்ந்தால் இதயத் தசை விரிந்து தளர்ந்து, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். மூளையில் ரத்தக்கசிவு இளம் வயதிலேயே வரலாம். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறியும் சாகிறார்கள், சித்திரை வெயிலில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். தூக்கமே இல்லாமல், யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம் வேறு. அப்புறம் விபத்து, தற்கொலை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இவ்வகைப் போதைக்கு அடிமையானவர்களின் இறப்பு விகிதம் அதே வயதினரைவிட 6 மடங்குக்கும் மேல்.

சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு இதயம் ஓரளவு தேறுகிறது. இந்தப் பழக்கத்தை விடுவதற்கென்று தனி மாத்திரை இல்லை, கவுன்சலிங்தான் முக்கிய சிகிச்சை.

போலீசுக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே மறைத்து வைக்காதீர்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி தருகிறது. பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். யோசனை கேட்க 14446 இலவச எண். நெஞ்சுவலி, வலிப்பு, உடம்பு கொதிப்பு என்றால் உடனே 108. என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் தயவுசெய்து மறைக்காதீர்கள், கொடுக்கும் மருந்தே அதைப் பொறுத்து மாறும்.