மூணு விசில் கேக்

எங்க வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்னு நீளும். ஜலகண்டேஸ்வரர் 1981-லயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிட்டார். மழை நல்லா பேஞ்சா பாலாத்துலயும் தண்ணி ஓடுது. அப்படிக் காலியான இடத்துக்கு என் பங்குக்கு ஒண்ணு: கிரீம் சீஸ் இல்லாத எங்க ஏரியா சத்துவாச்சாரி. நான் ஏறி இறங்கின நாலு கடையிலயும் இல்ல. நாலாவது கடைக்காரர் மட்டும் மனசு கேக்காம, "பன்னீர் இருக்குது, அதுவும் வெள்ளையாத்தானே இருக்கும்?"னார்.

பொண்ணுக்கு சனிக்கிழமை பொறந்தநாள். வீட்டம்மாவுக்கு அன்னைக்கு டியூட்டி, அதனால கேக் என் தலையில. பெங்களூர்ல இருக்கற தங்கச்சிதான் போன்ல தைரியம் குடுத்தா. "ரொம்ப ஈஸிண்ணா. சாக்லேட் மாவு பாதி ஊத்து, நடுவுல கிரீம் சீஸ், மேல மீதி மாவு. அவ்ளோதான்." கிரீம் சீஸ் கிடைக்கலன்னதும், கெட்டித் தயிரைத் துணியில தொங்கவிட்டா போதும், அதுவும் ஈஸின்னா.

வெள்ளிக்கிழமை ராத்திரி அரைக்கிலோ தயிரைப் பழைய வேட்டித் துணியில கட்டி, சிங்க் குழாய்ல தொங்கவிட்டேன். காலையில அம்மாவோட முதல் கேள்வி: "இன்னாடா, கொழாய்க்கு அடியா பட்டுச்சு? கட்டு போட்டுக்கீற?"

பிரிட்ஜுக்குள்ள தொங்கவிடணும்னு தங்கச்சி அப்புறமாத்தான் சொன்னா. வேலூர் மே மாசத்துல தயிரை வெளிய விட்டா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். சர்க்கரை நாலு ஸ்பூன்ங்கறது ஆறாச்சு, கூட ஒரு ஸ்பூன் சோள மாவு. கீழ பாத்திரத்துல வடிஞ்ச தண்ணிய அம்மா விடல. அதுல சப்பாத்தி மாவு பிசைஞ்சுட்டாங்க.

சனிக்கிழமைன்னா எங்க வீட்டு அடுப்புல முட்டை ஏறாது. அதனால ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூணு ஸ்பூன் கோகோ, ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, கொஞ்சம் எண்ணெய், ஒரு கப் தண்ணி, கடைசியா ஒரு ஸ்பூன் வினிகர். வினிகர் பட்டதும் சோடா உப்பு நுரைச்சு எழும்பும், அந்தக் காத்துலதான் கேக்கே உப்பணும். அது அடங்கறதுக்குள்ள டின் அடுப்புல இருக்கணுமாம். பஸ்ஸுக்கு ஓடற மாதிரி ஓடினேன்.

ஓவன் கிடையாது, குக்கர்தான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டி, அடியில உப்பு பரப்பி, ஸ்டாண்டு வெச்சு, சூடு பண்ணி, டின்னை உள்ள இறக்கி மூடினேன். நாப்பது நிமிஷம், சின்னத் தீ. இருவது நிமிஷத்துலயே வீடெல்லாம் சாக்லேட் வாசனை. அந்தக் கர்வத்துல மெழுகுவத்தி வாங்கக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது தெரு முனையிலயே விசில் சத்தம். யார் வீட்டுலயோ சாம்பாருக்குப் பருப்பு வேகுதுன்னு நெனச்சேன். கேட்டைத் தொறக்கறப்ப ரெண்டாவது விசில். செருப்பைக் கழட்டறப்ப மூணாவது.

சமையக்கட்டுல அம்மா அடுப்பை அணைச்சுட்டு நிக்கறாங்க.

"கேஸ்கட்டும் போடாம, வெயிட்டும் போடாம, சொட்டுத் தண்ணி இல்லாம வெறும் உப்பைக் காய வெச்சுட்டுப் போய்க்கீற. குக்கர் வெடிச்சிருந்தா? நான்தான் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி ஒழுங்கா மூடினேன்."

என்னத்தச் சொல்ல? ஆவி அடங்கினதும் தொறந்தேன். மேல வேர்த்துக் கொட்டின மாதிரி ஈரம். நடுவுல தயிர் ஒரு பக்கமா சாஞ்சு, மாவைப் பொளந்துக்கிட்டு வெளிய எட்டிப் பாக்குது. பொண்ணு ஒரு நிமிஷம் உத்துப் பாத்தா. "அப்பா, சாக்லேட் தயிர் வடையா?"

ஆனா சாயங்காலம் வந்த ஏழு புள்ளைங்களும் தட்டை வழிச்சுத் தின்னுச்சுங்க. இட்லி மாதிரி மெத்துனு, தயிரோட புளிப்பு சாக்லேட் கசப்போட சேர்ந்து, நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டம்மா ஒரு வாய் வெச்சுட்டு, "கடையில வாங்கிட்டுப் பொய் சொல்லாதீங்க"ன்னாங்க.

தங்கச்சிக்குப் போட்டோ அனுப்பினேன். ரெண்டு நாளா பதில் இல்ல.

நேத்து மாடியில துணி காயப்போடறப்ப பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா செய்முறை சொல்லிட்டு இருந்தாங்க. "மாவு எப்படி வேணா கலக்கிக்கோம்மா. மூணு விசில் உட்டு எறக்கணும், அதுலதான் விசயமே கீது."