கேப்டன் சலாரியா
டிசம்பர் 5 வந்தாலே எனக்கு கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா ஞாபகம்தான். 1961, காங்கோவுல எலிசபெத்வில், ஐ.நா. படைக்குப் போன நம்ம கூர்க்கா ரைபிள்ஸ் ஆபீசர், 26 வயசு முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. எதிர்ல சுமார் 90 பேரு, ரெண்டு கவச வண்டி வேற, இவர்கூட இருந்தது வெறும் 16 ஜவான்ங்க, ஆனாலும் தயங்காம ராக்கெட் லாஞ்சரால வண்டிங்கள அடிச்சிட்டு குக்ரிங்கிற வளைஞ்ச கூர்க்கா கத்திய உருவிக்கிட்டு நேரா பாஞ்சிட்டாங்க. கழுத்துல குண்டு பாஞ்சும் ரத்தம் கொட்டக் கொட்ட மயங்கி விழுற வரைக்கும் சண்ட போட்டிருக்காரு மனுஷன். நெனச்சாலே நெஞ்சு அடைக்குது, சொந்த எல்லைக்காகக்கூட இல்ல, யாரோ முகம் தெரியாத சனங்களுக்காகப் போன உயிரு அது. ஐ.நா. பணியில, போர்க்கள வீரத்துக்கான நம்ம நாட்டோட உச்ச விருதான பரம்வீர் சக்ரா கிடைச்ச ஒரே ஆள் இவர்தான், உங்க பசங்களுக்கு இவரப் பத்தியும் சொல்லுங்க.