வியாழன் இரவு எட்டு மணி

“அக்கா, மானுக்கு வருசா வருசம் கொம்பு விழுந்து புதுசா முளைக்கும். உங்கட ஒற்றைக்கொம்பன் மட்டும் ரெண்டு வருசமா எப்படி அதே ஒரு கொம்போட நிக்குது?”

ஒரு வியாழக்கிழமை இரவு, என் சித்திரத் தொடரின் புது அத்தியாயத்தை இணையத்தில் ஏற்றி இருபது நிமிடம்கூட ஆகாதபோது வந்த கேள்வி. எழுதியது மூதூரில் தரம் பத்தில் படிக்கும் ஒரு பிள்ளை. தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கேள்வியை இரண்டாம் முறை படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் தொடரின் முகமே அந்த மான்தான். வாசகர்கள் பலர் தங்கள் படத்துக்குப் பதிலாக அதை வைத்திருக்கிறார்கள். சிலர் தாங்களே வரைந்து எனக்கு அனுப்புகிறார்கள். திருகோணமலைக் கோட்டை மான்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வழியெல்லாம் அவைதான் நிற்கும். அப்படியிருந்தும் கொம்பு விழும் என்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

நான் திருகோணமலையில் இருந்துகொண்டு இணையத்தில் சித்திரத் தொடர் வரைகிறேன். கதை, கோடு, வண்ணம், எழுத்து எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். முன்பு ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழும் அந்தியேட்டிக்கான நினைவு மலரும் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து இரவில் வரைந்ததுதான் முதல் இரண்டு ஆண்டுகள். கதை நடப்பது 2004 இல். ஒரு சிறுமி, கரைவலை இழுக்கும் அவளுடைய அப்பப்பா, ஒரு கோட்டை மான். வாரம் ஓர் அத்தியாயம், வியாழன் இரவு எட்டு மணிக்கு. நான் பிந்தினால் சம்பளத்தை வெட்ட யாரும் இல்லை. ஆனால் எட்டு ஐந்துக்கு “அக்கா, சுகமா?” என்று செய்தி வந்துவிடும். ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்க மாட்டார்கள், சுகமா என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே காய்ச்சலோடு எழும்பி வரைந்த நாட்கள் உண்டு.

மானுக்கு வருகிறேன். அடுத்த ஆறு வாரமும் பின்னேரங்களில் கோட்டைக்குப் போய் உட்கார்ந்தேன். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் மட்டும். 1624 இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துவிட்டுக் கட்டிய கோட்டை என்று பள்ளியில் படித்த இடம். அந்த மதிலின் நிழலில் மான்கள் மாடுகளைப் போலப் படுத்து அசைபோடும். சில வெளியே வந்து குப்பையை மேயும், பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்கும். அதைப் பார்க்க எனக்கு எப்போதும் வயிறு கலங்கும். அந்த ஆறு வாரத்தில் நான் கண்டவை பல. புதிதாக முளைக்கும் கொம்பின் மேல் வெல்வெட் போல மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்மான் முட்டி மோதாமல் ஒதுங்கியே திரிகிறது. ஒரு நாள் ஒரு பக்கக் கொம்பு மட்டும் விழுந்த மான் ஒன்று எதிரே வந்து நின்றது. நான் இரண்டு வருடமாக வரைந்த அதே உருவம். இரண்டு நாள் கழித்துப் போனபோது மற்றதும் இல்லை. நான் நிரந்தரம் என்று வரைந்தது அதன் ஆயுளில் ஓரிரு நாள்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

சரி, இனி என்ன செய்வது? காயம் பட்டதால் ஒரு கொம்பு வளரவே இல்லை என்று கதையில் ஒரு வரி சேர்த்துத் தப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அந்த ஒற்றைக் கொம்பும் விழுந்தது. சிறுமி அதை எடுத்துப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், வழியில் யாருக்கும் காட்டவில்லை. என் தொடரில் ஆகக் கூடுதலாகப் படிக்கப்பட்டது இன்றுவரை அந்த அத்தியாயம்தான். மூதூர்ப் பிள்ளைக்குத் தனியாக நன்றி எழுதினேன். “அப்பா வனத் திணைக்களத்தில வேலை, அவர்தான் சொன்னவர்” என்று பதில் வந்தது.

வாசகரின் கண் எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டியவர்களில் கிண்ணியாக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பத்தில் ஒரு காட்சி வரைந்தேன்: அப்பப்பா கிண்ணியாவிலுள்ள கூட்டாளியைப் பார்க்கப் பாலத்தின் மேல் சைக்கிளில் போகிறார். பின்னால் கடல், மேலே நாரை, எனக்கே பிடித்த வண்ணம். ஏற்றிய ஒரு மணித்தியாலத்துக்குள் பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். என் கதை நடப்பதோ 2004 இல். அப்போது பாதையில்தான் போக வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கம் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. அதே காட்சியில் வரும் கூட்டாளியை ஒரு சிறுவன் “அண்ணன்” என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். அதற்கும் ஒருவர், “எங்கட ஊரில காக்கா எண்டுதான் சொல்லுவம் தங்கச்சி” என்று எழுதினார். கோபமில்லாமல் எழுதியிருந்தார். எங்களையும் சரியாக வரையுங்கள் என்ற ஆசைதான் அதில் இருந்தது. திருகோணமலையில் பிறந்து, பக்கத்து ஊர்க்காரர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் நான் முப்பது வயதைத் தொட்டிருக்கிறேன். அந்த அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப வரைந்தேன். பாலம் போய்ப் பாதை வந்தது.

போன் திரையில் படிப்பதற்காக வரைவது தாளில் வரைவதைப் போல இல்லை. கொரியாவில் வளர்ந்த வெப்டூன் வடிவத்தைத்தான் நானும் பின்பற்றுகிறேன்: 800 பிக்சல் அகலம், மேலிருந்து கீழே நீண்டுகொண்டே போகும் ஒரே நாடா. நான் இரட்டை அகலத்தில் வரைந்து பின்பு சுருக்குகிறேன். பக்கம் புரட்டுவது இதில் கிடையாது, கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம்தான் நேரம். பாதை நீரைக் கடக்கும் காட்சியில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையே விரல் எட்டுத் தடவை தள்ள வேண்டிய நீளத்துக்கு வெறும் நீரை மட்டும் விட்டேன். அந்தப் பயணம் அவ்வளவு நேரம் எடுத்தது என்று கிண்ணியாவில் ஒருவர் எழுதினார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதை மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம் எழுத்து. “போய்க்கொண்டிருக்கிறார்கள்” என்ற ஒரு சொல்லைப் பேச்சுக் குமிழிக்குள் அடக்கிப் பாருங்கள். உடைத்தால் படிக்க முடியாது, உடைக்காவிட்டால் குமிழி படத்தையே மூடிவிடும். நான் முதலில் வைத்திருந்த மென்பொருளில் எழுத்துகளின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறும். கடைசியில் எல்லா வசனத்தையும் கையால் எழுதத் தொடங்கினேன். பேச்சுத் தமிழுக்கு மாறியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது, “போறாங்க” என்று எழுதினால் குமிழி சின்னதாகிவிடும். ஆனால் இந்திய வாசகர்களுக்கு அது வேறு விதத்தில் இடித்தது. “கச்சான் வித்தாச்சு, கச்சான் விழுந்தாச்சு” என்று அப்பப்பா ஒரே மூச்சில் சொல்லும் இடத்தில் மதுரையில் இருந்து ஒருவர் குழம்பிப்போனார். முதலாவது வேர்க்கடலை, இரண்டாவது மேற்கே இருந்து அடிக்கும் காற்று. அடிக்குறிப்புப் போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். நான் போடவில்லை. சின்ன வயதில் சிவகாசிப் பதிப்புக் காமிக்ஸ்களை வாசித்தபோது அவர்களுடைய சொற்களை அடிக்குறிப்பு இல்லாமல்தானே நான் பழகினேன்? சில மாதம் கழித்து அந்த மதுரைக்காரர், “இப்போ எல்லாமே விளங்குது” என்று எழுதினார். புரிகிறது என்று எழுதாமல் விளங்குது என்று எழுதியிருந்தார்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. வாசகர்கள் மாதம் ஒரு டொலர், மூன்று டொலர் என்று தருகிறார்கள். படைப்பாளிக்கு நேரடியாக மாதச் சந்தா தரும் பேட்ரியன் போன்ற தளங்கள் 2013 இலேயே வந்துவிட்டன. ஆனால் நான் தொடங்கியபோது அந்தப் பணம் இங்கே என் கைக்கு வந்து சேர வழி கண்டுபிடிக்கவே ஐந்து மாதம் ஆனது. உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒரு சேவையில் அப்போது இலங்கையில் இருந்து பணம் அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. ஒரு வங்கிக் கிளையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். படம் வரைகிறேன் என்றேன். யாருக்கு என்றார்கள். அதற்கு அவர்களுடைய படிவத்தில் எழுதக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை.

2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டேப்லெட்டை எங்கே சார்ஜ் ஏற்றுவது என்பதே அன்றன்றைய யோசனை. பகல் வெளிச்சத்தில் தாளில் பென்சிலால் வரைந்து போனில் படம் பிடித்து அப்படியே ஏற்றினேன், வண்ணம் இல்லை. வாசகர் ஒருவரும் குறை சொல்லவில்லை, அவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். அதே மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. ரொறன்ரோவில் இருந்து வரும் அதே மூன்று டொலர் என் கையில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பக்கத்துத் தெருவில் எரிவாயு வரிசையில் நிற்கும் வாசகருக்கோ போன் டேட்டா போடவே காசில்லை. அந்த வித்தியாசம் என்னை மிகவும் வருத்தியது. இலங்கையில் இருந்து வரும் சந்தாக்களை அன்றோடு நிறுத்தினேன், இன்றுவரை இங்குள்ளவர்களிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. அந்த ஆண்டு முதல் தொகுதியை அச்சில் கொண்டுவரும் எண்ணமும் இருந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையையே தள்ளிவைத்த காலம். புத்தகம் அடுத்த ஆண்டுக்குப் போனது.

இவ்வளவும் சொன்னேன், வாசகர் சொல்வதையெல்லாம் நான் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கதை 2004 டிசம்பரை நெருங்க நெருங்கச் செய்திகள் வேறு மாதிரி வரத் தொடங்கின. எல்லோருக்கும் தெரியும் அந்த 26 ஆம் திகதி என்ன நடந்தது என்று. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா நாள். அப்பப்பா கரையில் நிற்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். “அவரை மட்டும் காப்பாற்றுங்கோ”, “அவர் அண்டைக்குக் கோயிலுக்குப் போனதாக எழுதுங்கோ.” இப்படி நூற்றுக்கு மேல். சிலர் அன்று தாங்கள் பறிகொடுத்தவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவற்றுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை, திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கொம்பைத் திருத்தினேன், பாலத்தைத் திருத்தினேன். இதைத் திருத்தவில்லை. ஊர் எப்படி இருந்தது, யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், எந்த மாதத்தில் எந்தக் காற்று என்பதெல்லாம் அவர்களுக்கும் சொந்தம், அங்கே நான் பிழைவிட்டால் அவர்கள் சொல்வதுதான் சரி. அப்பப்பா என்ன ஆனார் என்பது நான் மூன்று வருடம் சுமந்தது. கேட்டதற்காக அவரைக் கோயிலுக்கு அனுப்பியிருந்தால், அனுப்ப முடியாமல் போன எத்தனையோ பேரின் வீட்டாரிடம் நான் பொய் சொன்னவளாவேன். ஒரு வாரம் முன்பே அறிவித்தேன்: அடுத்த வியாழன் கடல் வரும், பார்க்க முடியாதவர்கள் அதற்கு அடுத்த வாரம் வாருங்கள், கதை விளங்கும். அந்த அத்தியாயத்தில் அலையை வரையவில்லை. கரையில் கிடக்கும் கயிற்றை மட்டும் வரைந்தேன். ரொறன்ரோவில் ஒரு அம்மா பதினான்கு மாதம் கழித்துத்தான் அதைத் திறந்து பார்த்ததாக எழுதினார்.

ஒரே ஒரு முறை நானே வரைந்து முடித்ததை நிறுத்தினேன். 2021 நவம்பரில் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். சிறுமி மீண்டும் பாதையில் போகும் அத்தியாயம் அந்த வியாழனுக்குத் தயாராக இருந்தது. எட்டு மணிக்கு ஒன்றும் ஏற்றவில்லை. அன்று “சுகமா” என்றும் யாரும் கேட்கவில்லை.

இப்போது இரண்டாம் பாகம் போகிறது. சிறுமி வளர்ந்துவிட்டாள், அப்பப்பாவின் கூட்டாளிகளோடு கரைவலை பார்க்கிறாள். போன மாதம் டச்சுக் குடாப் பக்கம் நடந்து போனபோது ஒரு பெடியன் ஓடிவந்து, தன் தாத்தாவுக்கு நான் வரைந்ததைக் காட்டியதாகவும் அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றும் கூட்டிக்கொண்டு போனான். முதியவர் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் வலை இழுத்த கை, போனைப் பிடிக்கவே அவருக்குச் சரிவரவில்லை. பேரன் பிடிக்க, அவர் ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு கயிற்றுக்காரரும் தள்ளித் தள்ளி நிற்பது சரி என்றார். வலை கிட்ட வரவர அவர்களும் கிட்டக்கிட்ட வருவது சரி என்றார். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடும் வாய் சரி என்றார். கடைசியில் மீன் திரளும் மடியில் வந்து விரலை நிறுத்தினார்.

“பிள்ளை, இது சின்னன். இதுக்குள்ள எத்தினை பேருக்குப் பங்கு இருக்குது தெரியுமோ? இன்னும் பெருசாக் கீறு.”

அன்று இரவே மடியைத் திரும்ப வரைந்து ஏற்றினேன். பேரன் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். காற்றுச் சத்தம், நடுவில் முதியவரின் குரல்: “ம், இப்ப இழுக்கலாம்.”